சாரட்டுக்கு ஒரு நுகத்தடி

குதிரைக்குச் சுழி பார்க்கிறவன் பெண்டாட்டிக்கு நட்சத்திரம் பார்க்காமல் விடுவானா? மருதையன் பார்த்துத்தான் கட்டினான். அமுதம் மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம், மாமனாருக்கு ஆகாது என்று அவள் ஊரான போலகத்துக்கு வந்த வரன்களெல்லாம் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அப்பன் எப்போதோ செத்துப்போயிருந்த மருதையன்தான் வந்து தாலி கட்டினான். மாமனாரே இல்லாத வீட்டில் மூலம் யாரை என்ன செய்துவிடும்? இதை ஏதோ தியாகம் செய்தவன் மாதிரி அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். கேட்கும்போதெல்லாம் அமுதத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் அவன் செவலைக் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "இதுக்குச் சுழி சரியில்ல அமுதம், அதான் ஒடம்பு ஆறவே மாட்டேங்குது" என்றபோது அவளுக்கு வந்த கோபம் குதிரைக்காக மட்டும் வந்த கோபம் இல்லை.

காரைக்காலின் ஓரத்தில் கோவில்பத்தில் அவர்கள் வீடு. பின்னால் லாயம், பக்கத்தில் சாரட்டு நிற்கும் தகரக் கொட்டகை. இரண்டு குதிரை பூட்டிய சாரட்டு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். திருநள்ளாற்றிலிருந்து திருப்பட்டினம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு என்றால் மருதையனைத்தான் தேடி வருவார்கள். வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் செவலை. முன்பு இரண்டுமே வெள்ளைதான். எழுபத்தேழு புயலில் லாயத்துச் சுவர் இடிந்து விழுந்ததில் ஒன்று செத்துப்போனது. அதற்குப் பதிலாக வந்தது செவலை.

வெள்ளைக்கு நெற்றியில் நல்ல சுழி. ராசியான குதிரை என்று பேர் எடுத்துவிட்டது. மாப்பிள்ளை வலப்பக்கம் உட்காருவார் என்பதால் அது எடுப்பாக இருக்க வேண்டும் என்று அதற்கு மட்டும் ஒரு வார் உண்டு. கடிவாளத்தில் தொடங்கிக் காதோரமாக மேலேறி, முதுகுப் பட்டையில் இருக்கிற கொக்கியில் மாட்டும். மாட்டிவிட்டால் குதிரை தலையைக் குனிய முடியாது. வீட்டில் அதைத் தூக்கு வார் என்பார்கள். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டார், "தலை இன்னும் கொஞ்சம் நிமிந்தா போட்டோவுல நல்லா விழும்" என்றார்கள். அமுதம்தான் ஆணியும் குழவிக்கல்லும் எடுத்து வந்து வாரில் இன்னொரு துளை போட்டுக் கொடுத்தாள். படம் நன்றாகத்தான் விழுந்தது. வெள்ளை வாயில் நுரை தள்ளத் தலையை உலுப்பிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் அதை மிடுக்கு என்பார்கள்.

செவலையின் அழகைப் பற்றி யாருக்கு என்ன கவலை? அதற்குத் தூக்கு வாரும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கு இருந்ததெல்லாம் மார்பில் ஒரு புண். ஜிகினா தைத்த வெல்வெட்டு மார்ப்பட்டை உரசி உரசி, இரண்டு தோளுக்கும் நடுவே தோல் வழன்று சிவந்து கிடந்தது. அமுதம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுவாள். ஆறி வரும் சமயத்தில் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். ஊர்வலம் என்ன ஒரே ஓட்டமாகவா போகிறது? முக்குக்கு முக்கு நிற்கும், நாயனக்காரர் வாசிப்பார், வாணம் விடுவார்கள், மறுபடி கிளம்பும். கிளம்பும் ஒவ்வொரு தடவையும் செவலைதான் முதலில் மார்பைக் கொடுத்துத் தள்ளும். வண்டி வெடுக்கென்று குலுங்கும். "முந்துது பாரு சனியன்" என்று மருதையன் அதன் முதுகில் ஒரு சவுக்கு வைப்பான். இழுத்ததற்குக் கிடைத்த கூலி அது. குதிரை குப்புறத் தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரையைத்தான் தள்ளிவிட்டுக் குழி பறித்துக்கொண்டிருந்தார்கள்.

மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு ஒரு நாள் மருதையன் பேச்சை எடுத்தான்.

"நாகப்பட்டினத்துல சர்க்கஸ் வந்து எறங்கியிருக்கு. ஒரு குதிரை வேணுமாம். செவலையத் தர்றேன்னு சொல்லிட்டேன்."

"ஆட வைக்கறதுக்கா?" என்று கேட்டாள் அமுதம்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "சிங்கத்துக்கு" என்றான்.

அமுதம் கையில் இருந்த மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"புண்ணு நாறுதுன்னு கல்யாண வீட்டுல மொகத்தச் சுளிக்கிறாங்க. மாயவரத்துல ஒரு வெள்ளைக் குதிரை சொல்லி வச்சிருக்கேன். ஜோடியா இருக்கும். இதுக்கு வேற போக்கு இல்ல. கெட்ட சுழி."

"எனக்குந்தான் கெட்ட நட்சத்திரம். என்னைய எந்தக் கூண்டுல போடப் போறீங்க?"

அவன் எழுந்து கிளம்பப் பார்த்தான். அவளும் விடவில்லை. திருப்பட்டினத்துக் கல்யாணம் ஒன்று ஒப்புக்கொண்டிருந்தது, அதற்கு எப்படியும் இரண்டு குதிரை வேண்டும். அதுவரைக்கும் பொறுங்கள், அதற்குள் புண் ஆறவில்லையென்றால் உங்கள் இஷ்டம் என்றாள். சர்க்கஸ் ஆனி கடைசி வரைக்கும் அங்கேதான் இருக்கும் என்பதால் அவனும் சரி என்றான். "ஆனா வாக்கு வாக்குதான்" என்று ஒரு முடிச்சும் போட்டு வைத்தான்.

அமுதம் மறுநாளே சாரட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள். அவள் போலகத்து விவசாயக் குடும்பம். ஏர் மாட்டைப் பார்த்து வளர்ந்தவள். நுகத்தடியை நடுவில் ஒரே ஒரு கயிற்றில்தான் கட்டுவார்கள். ஒரு மாடு சோம்பினால் அதன் பக்கம் நுகத்தடி பின்னால் சாயும். எந்த மாடு இழுக்கிறது, எது சும்மா கூட நடக்கிறது என்று வரப்பில் நின்று பார்க்கிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். இந்தச் சாரட்டிலோ இரண்டு குதிரைக்கும் நடுவே நீளும் ஏர்க்காலுக்குக் குறுக்கே ஒரு கட்டை, அசையாமல் ஆணி அறைந்து கிடந்தது. இரண்டு குதிரையின் இழுப்பு வாரும் அதில்தான் மாட்டியிருக்கும். எது எவ்வளவு இழுக்கிறது என்று அந்தக் கட்டைக்கும் தெரியாது, ஓட்டுகிறவனுக்கும் தெரியாது. எவன் முதலில் மார்பைக் கொடுக்கிறானோ அவன் தலையில் முழு வண்டியும்.

நாகூர் சாலையில் லாரிக்குக் கூடு கட்டும் காதர் பாட்சாவிடம் போனாள். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள்.

"என்னா தங்கச்சி, குதிரை வண்டிக்கு நுகத்தடி பூட்டச் சொல்றியா?" என்று சிரித்தார் அவர்.

"கழுத்துல வைக்க வேணாம் பாய். இந்தக் குறுக்குக் கட்டை மட்டும் நுகத்தடி மாரி நடுவுல ஒத்தை ஆணியில ஆடணும். அப்பத்தான் பாரம் ரெண்டுக்கும் போவும்."

காதர் பாட்சா கோவில்பத்துக்கே வந்து பார்த்தார். செவலையைக் கொஞ்ச தூரம் நடத்தச் சொன்னார். அது நடக்கும்போது தோள் இரண்டும் மாறி மாறி முன்னே போவதையும், மார்ப்பட்டை அதற்கு விட்டுக்கொடுக்காமல் ரம்பம் மாதிரி அறுப்பதையும் கையை வைத்தே தடவிப் பார்த்தார். "பெருசு ஆடுனா மட்டும் பத்தாது. ரெண்டு முனையிலயும் சின்னக் கட்டை ஒண்ணொண்ணு தொங்க வுடுறேன். அதுவும் ஆடட்டும். தோளோட சேந்து பட்டையும் போவும், தோலு பொழைக்கும்" என்றார். பழைய லாரியின் இரும்புப் பட்டையும் கருவேலங்கட்டையும் வைத்து ஒரு வாரத்தில் செய்தும் கொடுத்தார். கூலி என்று ஒன்றும் வேண்டாம், மகள் உம்மு சல்மா கல்யாணத்துக்குச் சாரட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிடு என்றார். வெல்வெட்டைப் பிரித்துவிட்டு அடியில் ஆட்டுத்தோல் கம்பளம் வைத்து அமுதம் மார்ப்பட்டையைத் திரும்பத் தைத்தாள். மருதையன் இதையெல்லாம் பீடி குடித்துக்கொண்டே பார்த்தான். "சுழிய எதைப் போட்டுத் தைப்ப?" என்று மட்டும் கேட்டான்.

திருப்பட்டினத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நீலமேகம்தான் எல்லாம். தங்கச் சங்கிலி வெளியே தெரியும்படி சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார். பிள்ளையார் கோவிலில் கற்பூரம் காட்டி, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. குதிரை லத்தி போட்டால் அள்ளுவதற்குக் கூடையும், தண்ணீருக்கு வாளியுமாக அமுதம் எப்போதும்போல் பக்கத்தில் நடந்தாள். அவள் கண் கட்டையை விட்டு நகரவில்லை.

முதல் முக்கில் நின்று கிளம்பியபோதே தெரிந்துவிட்டது. செவலை தலையைத் தாழ்த்தி மார்பைக் கொடுத்தது. அதன் பக்கத்துக் கட்டை முனை முன்னால் போனது. வெள்ளையின் பக்கம் பின்னால் சாய்ந்து சாய்ந்து, இதற்கு மேல் போகாது என்று காதர் பாட்சா வைத்திருந்த தடுப்பில் போய் முட்டி நின்றது. வெள்ளை தலையை நிமிர்த்திக்கொண்டு ராசாவாட்டம் வந்தது. இழுக்கத்தான் இல்லை. முன்பெல்லாம் ஜோடியாகத் தெரிந்த இரண்டும் இப்போது அரை ஆள் தூரம் முன்னும் பின்னுமாக நடந்தன.

அமுதத்துக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் புண்ணைச் சுமந்ததும் இதுதான், வண்டியைச் சுமந்ததும் இதுதான், அடி வாங்கினதும் இதுதான். ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும் போலிருந்தது. மேலே உட்கார்ந்திருந்த மருதையனைப் பார்த்தாள். அவனும் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சவுக்கு மடியில் கிடந்தது.

அவள் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மூன்றாவது முக்கில், பெண் வீட்டு ஆள் எவனோ கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். "மாப்பிள்ளைப் பக்கத்துக் குதிரை பின்வாங்குதுடோய். பாத்துக் கூட்டிட்டு வாங்க."

சிரிப்பு நாயனத்தையும் தாண்டிக் கேட்டது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மாப்பிள்ளைப் பையனுக்கு முகம் கறுத்துவிட்டது. நீலமேகம் வண்டியை ஒட்டி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்ல காரியத்துல பின்வாங்குற குதிரையக் கொண்டாந்து பூட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு தொழில்காரனா?" என்றார். மருதையன் மடியில் கிடந்த சவுக்கை எடுத்தான். வெள்ளைக்கு இரண்டு சவுக்கு விழுந்தது. அது தலையை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு, இன்னும் பின்னால்தான் போனது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வாரம் திரும்புவதற்குள் கோட்டுச்சேரி வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. ஆவணிக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஆள் அனுப்பினார்கள். சாரட்டு வரட்டும், அந்த வெள்ளைக் குதிரை மட்டும் வேண்டாம், அபசகுனம் என்றார்கள். நேற்று வரைக்கும் அதே குதிரையின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்தான் இவர்கள்.

செவலையின் மார்பு காய்ந்திருந்தது. அந்த ஊர்வலத்துக்குப் பிறகு புதுத் தோல் கிழியவில்லை. அமுதம் அதைக் காட்டத்தான் மருதையனைக் கூப்பிட்டாள். அவன் லாயத்து வாசலிலேயே நின்றான். அவமானம் அவனை நன்றாகத் தின்றிருந்தது.

"இத்தன வருசமா கொள்ளத் தின்னுட்டு சும்மா கூட நடந்து வந்திருக்கு. என்னையவே ஏமாத்திருச்சு" என்றான். பிறகு, "சர்க்கஸ்காரன் ஆள் அனுப்பிட்டான். வாக்குக் குடுத்திருக்கேன். ஒண்ணு போயாவணும்" என்றான்.

அமுதத்துக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று தடுத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. அந்தச் சுழிப் பேச்சையும் மூலப் பேச்சையும் கேட்டுக் கேட்டுச் சேர்ந்திருந்த எரிச்சல் எல்லாம் அந்த ஒரு பேச்சில் வந்து இறங்கியது.

"குடுத்துத்தான் ஆவணும்னா ஒழைக்காததக் குடுங்க."

"வெள்ளையவா?"

"சுழி நல்லாத்தானே இருக்கு. சிங்கத்துக்கும் ராசியா இருக்கட்டும்."

மறுநாள் காலையில் மருதையன் வெள்ளையை அவிழ்த்தான். நாகூர் வழியாக நடத்தியே கொண்டுபோனான். போகும்போது அது வழக்கம்போல் அவள் கையை மோந்து வெல்லம் தேடியது. உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்து கொடுத்தாள். செவலை லாயத்துக்குள்ளிருந்து கனைத்தது. சாயந்திரம் பஸ்ஸில் வந்து இறங்கிய மருதையன் தோளில் கடிவாளமும் வாரும் மட்டும் தொங்கின. அவற்றை ஆணியில் மாட்டிவிட்டு, கை கால் கழுவிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அவளும் எதுவும் கேட்கவில்லை.

மாயவரத்துக் குதிரை வருவதற்குள் செவலையை வலப்பக்கத்துக்குப் பழக்கிவிட வேண்டும் என்று சில நாள் கழித்து மருதையன் சொன்னான். உம்மு சல்மா கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. "இனிமே இதுதான் மாப்பிள்ளைப் பக்கம். தூக்கு வாரப் போடு. தலை நிமிந்து பழகட்டும்."

அமுதம் பெருமையோடுதான் போட்டாள். செவலைக்கு வந்த வாழ்வு. வெள்ளைக்கு மாட்டுகிற அதே கடைசித் துளையில் இழுத்து மாட்டினாள். கொட்டகையிலிருந்து சாரட்டை வெளியே இழுத்து நிறுத்துவதற்காக, ஆடும் கட்டையைக் கயிற்றால் இறுக்கி வலப்பக்கத்தில் ஒற்றைக் குதிரையாகப் பூட்டினார்கள். காலி வண்டி. செவலை கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிற பாரம்.

"ஹய்" என்றான் மருதையன்.

செவலை நகரவில்லை. மார்பைக் கொடுக்கப் பார்த்தது. தலை தாழவில்லை. தலை தாழாமல் மார்பை எப்படிக் கொடுக்கும்? கடிவாள இரும்பு வாயைப் பிளந்தது. நுரை வந்தது. தலையை உலுப்பியது. பிறகு ஒரு அடி பின்னால் வைத்தது.

"இதுவுமா?" என்றான் மருதையன். சவுக்கு மேலே போனது.

"இருங்க" என்றாள் அமுதம். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. குதிரையின் முதுகுக்குக் கையை நீட்டிக் கொக்கியிலிருந்து வாரை எடுத்துவிட்டாள். செவலையின் தலை கீழே இறங்கியது. பின்னங்கால் இரண்டையும் ஊன்றியது. யாரும் ஒன்றும் சொல்லாமலே வண்டிச் சக்கரம் உருண்டு வெயிலுக்கு வந்தது.

இருவரும் கொட்டகை வாசலில் நின்றார்கள்.

"என்னங்க" என்றாள் அமுதம். "வெள்ளை இழுக்க மாட்டேன்னு இல்ல. இழுக்க முடியாமத்தான் இருந்திருக்கு."

மருதையன் வாரைப் பார்த்தான். அவனும் குதிரைக்காரன்தான். விளங்காமல் இல்லை.

"இப்பவே கெளம்புங்க. நாகப்பட்டினத்துக்குப் போவோம். வேற எதையாச்சும் குடுத்துட்டுக் கூட்டியாந்துரலாம். நான் வந்து கால்ல விழுந்து கேக்கிறேன்."

"எங்க போறது?" என்றான் அவன். சவுக்கைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தான். "நான் பஸ்ஸுக்கு நிக்கயிலயே முடிச்சிட்டாங்க. சத்தம் கேட்டுச்சு."

அவன் வீட்டுக்குள் போய்விட்டான். செவலை வெயிலில் நின்றது. பழக்கம் விடவில்லை போலும், வலப்பக்கத்தில் பூட்டியிருந்தும் மெல்ல இடப்பக்கமாக ஏர்க்காலை ஒட்டி ஒதுங்கி, வலப்பக்கம் ஒரு குதிரைக்கு இடம் விட்டு நின்றது. அமுதம் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஊர் சுழி பார்த்தது, புருஷன் சுழி பார்த்தான், நீ கட்டையைப் பார்த்தாய், உனக்கும் அவர்களுக்கும் என்னடி வித்தியாசம் என்று அவளை அவளே கேட்டாள்.

கையில் தூக்கு வார் இருந்தது. தோல்காரன் போட்டுக் கொடுத்த துளைகள் ஒன்றுபோல வட்டமாக, ஓரம் தேய்ந்து வழவழவென்று இருந்தன. கடைசித் துளை மட்டும் ஆணி போன போக்கில் கோணலாகக் கிழிந்து, அதைச் சுற்றிப் பழுப்பாக வேர்வை உப்புப் பூத்திருந்தது. அது அவள் போட்டது.